சென்னாக்குன்னி வளர்ந்தால் இறால் ஆகுமா?

போன இதழில் வாளைக் கருவாடு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் "சென்னாக்குன்னி என்பது இறால் குஞ்சு இல்லை" என்று ஒரு வரி போட்டுவிட்டேன். கருவாட்டுக் கடையில் பொடிப்பொடியாகக் காயவைத்து விற்கிறார்களே, அதுதான் சென்னாக்குன்னி. கருவாட்டை விட்டுவிட்டு எல்லோரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். சந்தேகம் கேட்டவர்கள் பாதி, சண்டைக்கு வந்தவர்கள் பாதி. அதனால் இந்த மாதம் முழுக்க ஆற்று முகத்துவாரத்துச் சின்ன உயிர்களைப் பற்றித்தான். நாய் வளர்ப்பு பற்றிக் கேட்ட அம்பத்தூர் வாசகர் மன்னிக்க வேண்டும், அடுத்த இதழில் கட்டாயம்.

கொருக்குப்பேட்டை வாசகி: எங்கள் மாமியார் சென்னாக்குன்னியை வீட்டுக்குள் விடமாட்டார். "இறால் குஞ்சை வாரிட்டு வந்து காயவெச்சு விக்கிறானுங்க. விட்டா எவ்வளவு பெரிய இறாலாகும், பாவம்" என்பார். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அந்த டீச்சரம்மாவுக்கு என்ன தெரியும்" என்கிறார். யார் சொல்வது சரி?

முதலில் மாமியாருக்கு என் வணக்கம். குஞ்சைப் பிடிக்கக் கூடாது என்று நினைக்கிற மனசு நல்ல மனசு. ஆனால் அவர் பரிதாபப்படுகிற பிராணி குஞ்சு இல்லை. அது பெரிய ஆள். கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற ஆள் என்றே சொல்லலாம்.

நாம் சென்னாக்குன்னி என்று வாங்குவதில் பெரும்பகுதி அசிட்டஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. அதில் பத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அசிட்டஸ் இண்டிகஸ் என்ற வகையை 1830-லேயே மில்ன் எட்வர்ட்ஸ் என்ற பிரெஞ்சு விலங்கியலார் பெயர் வைத்து எழுதிவிட்டார். வெள்ளை இறால், டைகர் இறால் எல்லாம் வேறு குடும்பம். இரண்டும் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். முழுசாக வளர்ந்த சென்னாக்குன்னி நாலு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை, ஆண் இன்னும் சின்னது. ஆயுசும் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். இன்றைக்கு நீங்கள் பிடிக்காமல் விட்டால் அது வாளைக்கோ வங்கராவாசிக்கோ இரையாகும், இல்லையென்றால் முட்டையிட்டுச் சாகும். இறாலாக மட்டும் ஆகாது.

மாமியாருக்கு என் பேச்சில் நம்பிக்கை இல்லையென்றால் அவர் கண்ணையே நம்பச் சொல்லுங்கள். ஒரு ஸ்பூன் சென்னாக்குன்னியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போடுங்கள். சுருண்டது கொஞ்சம் நிமிர்ந்ததும் உடையாததாகப் பார்த்து நாலைந்தை எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். மேலே செல்போன் டார்ச், கையில் பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடி. தலையின் முன்னால் பாருங்கள். நாம் சுத்தம் செய்யும்போது விரலில் குத்துமே, இறாலின் அந்த ரம்பக் கொம்பு, அது இதற்கு இருக்காது. கண்ணைக் கூடத் தாண்டாத ஒரு சின்னக் கூர்தான் இருக்கும். வெள்ளை இறால் குஞ்சு என்றால் நீளக் கொம்பும் அதில் மேலும் கீழும் பல்லும் சின்ன வயசிலேயே தெரியும்.

அடுத்தது கால். இறாலுக்கு நெஞ்சுப் பகுதியில் நடக்கிற கால் ஐந்து ஜோடி. சென்னாக்குன்னிக்கு மூன்றே ஜோடி. பின்னால் இருக்க வேண்டிய இரண்டு ஜோடி கிடையாது. காய்ந்ததில் கால் ஒடிந்திருக்கும் என்பதால் இதைப் பச்சையாகக் கிடைக்கும்போது பார்ப்பது நல்லது. பச்சையில் உடம்பு கண்ணாடியாக இருக்கும், இரண்டு கறுப்புக் கண் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும், வால் துடுப்பின் அடியில் சிவப்புப் புள்ளி இருக்கும். ஆண் சென்னாக்குன்னியின் சின்ன மீசையில் ஒரு கொக்கி உண்டு. பெண்ணைப் பிடித்துக்கொள்வதற்கு. பெண்ணின் முதுகுப் பக்கம் சினைப்பை முற்றுவது தோல் வழியாகவே தெரியும். குஞ்சுக்கு இதெல்லாம் எதற்கு, நீங்களே சொல்லுங்கள்!

சரி, மாமியார் பக்கம் நியாயமே இல்லையா என்றால், கொஞ்சம் இருக்கிறது. கண் பொடிசான வலையை ஆற்றுக்குள், அதுவும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் போட்டால் நிஜமான இறால் குஞ்சும் சேர்ந்துதான் வரும். குவியலில் கொம்பு நீண்டது நிறைய இருந்தால் அந்தக் குவியல் ஆற்றிலிருந்து வாரியது என்று சந்தேகப்படலாம். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். ஒரே மாதிரி, ஒரே அளவு, கொம்பில்லாதது என்றால் தாராளமாக வாங்கலாம். சென்னாக்குன்னி கரையோரக் கடலில் கூட்டம் கூட்டமாகத் திரியும். வலைக்காரர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் வலை போடுவார்.

நம் நாட்டில் இதை மிக அதிகமாகப் பிடிப்பது மகாராஷ்டிரமும் குஜராத்தும். அங்கே ஜவ்லா என்பார்கள். மலேசியாவில் பெலாச்சான், இந்தோனேசியாவில் தெராசி என்று இதை உப்புப் போட்டு இடித்துப் புளிக்கவைத்த விழுது இல்லாமல் சமையலே கிடையாது. இப்போது வீட்டுப் பிள்ளைகள் கொரிய சீரியல் பார்த்துவிட்டுக் கிம்ச்சி கிம்ச்சி என்கிறார்களே, அந்தக் கிம்ச்சியில் ருசிக்குச் சேர்க்கிற உப்பு இறால் நம் சென்னாக்குன்னியின் கூடப்பிறந்தது. காசிமேட்டில் கேட்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிற பிள்ளை கொரியாக்காரன் கொடுத்தால் நக்கிச் சாப்பிடுகிறது.

நெட்டுக்குப்பம் வாசகர்: நான் ஆத்துல தொழில் செய்யறவன். நீங்க பொடிசப் பத்தியே எழுதறீங்க. எண்ணூர் ஆத்துல பெரிய இறாலே இப்ப இல்ல. எங்க அப்பா காலத்துல கையால தடவியே பறிக்கூடை நிறைய எடுத்தாங்க. எங்க போச்சு எல்லாம்?

அண்ணே, உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. மற்ற வாசகர்களுக்காகத்தான் இறாலின் பிழைப்பை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆற்றில் பிடிக்கிற வெள்ளை இறால் ஆற்றில் பிறந்தது இல்லை. தாய் இறால் கடலில் முட்டையிடும். ஒரு தடவைக்கு லட்சக் கணக்கில். நண்டு, ஆற்று நன்னீர் இறால் எல்லாம் முட்டையை வயிற்றின் அடியில் ஒட்டவைத்துச் சுமக்கும். கடல் இறால் அப்படிச் சுமக்காது, தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். பொரிந்தது இறால் மாதிரியே இருக்காது, ஏதோ பூச்சி மாதிரி இருக்கும். சட்டை உரித்து, உருவம் மாறி, மறுபடி உரித்து, இரண்டு வாரம் போல ஆனதும்தான் இறால் என்று அடையாளம் தெரியும். அப்போது நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவு.

அந்த ஒரு சென்டிமீட்டர் பிராணி கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வர வேண்டும். எதிர்த்து நீந்தும் சக்தி அதற்குக் கிடையாது. அது செய்யும் தந்திரம் இது: ஏத்தம், அதாவது கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும் நேரம், வரும்போது அடியிலிருந்து கிளம்பி மேலே வரும், தண்ணீரே அதைச் சுமந்து உள்ளே கொண்டுபோகும். வத்தத்தில் தண்ணீர் திரும்பக் கடலுக்கு இழுக்கும்போது அடிமண்ணில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஏத்தத்தில் மறுபடி கிளம்பும். இப்படித் தவணை முறையில் ஆற்றுக்குள் வந்து சேரும். உள்ளே உப்புக் குறைவு, தீனி அதிகம், அலையாத்திச் செடிகளின் வேருக்கிடையில் ஒளிய இடம். சில மாதம் தின்று வளர்ந்து, மழைக்காலத்தில் வெள்ளம் தள்ளும்போது கடலுக்குத் திரும்பும். அங்கே போய்த்தான் முட்டையிடும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தப் பிழைப்புக்கு மூன்று விஷயம் வேண்டும்: திறந்திருக்கிற முகத்துவாரம், புதைந்துகொள்ள மெத்தென்ற சேறு, ஏத்தமும் வத்தமும் தடையில்லாமல் ஓட ஆழம். எண்ணூரில் மூன்றும் அடி வாங்கியிருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடு போட்டுக்கொண்டே இருக்கிறது. அனல் மின் நிலையத்தின் சாம்பல் தண்ணீர் குழாய் உடைந்து, சாம்பல் பல வருஷமாக ஆற்றில் படிந்து அடி மேடாகிவிட்டது. மணல் சேறாக இருந்த இடம் சாம்பல் சேறாக இருக்கிறது. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் ஆனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக ஆற்றுக்குள்ளேயே வந்துவிட்டது. கடலில் சிந்திய எண்ணெயை அலை அடித்துக் கரைக்கும். ஆற்றுக்குள் வந்தது சேற்றிலும் அலையாத்தி வேரிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் மேல் காக்கா ஆழி. வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். இது தென் அமெரிக்கப் பக்கத்துச் சின்னக் கறுப்பு மட்டி. கப்பலில் ஒட்டியோ கப்பல் கொட்டும் தண்ணீரோடோ உலகம் சுற்றும் ஜாதி. கேரளத்துக் காயல்களை முதலில் பிடித்தது, அப்புறம் எண்ணூர், பழவேற்காடு. ஒன்றின் மேல் ஒன்றாக நூல் விட்டு ஒட்டிக்கொண்டு ஆற்றின் அடியை மூடிவிடும். இறால் பகலில் மண்ணுக்குள் புதைந்துகொண்டு, கண்ணையும் மீசையையும் மட்டும் வெளியே விட்டிருக்கிற பிராணி. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் எடுக்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விரலுக்கு அடியில் இறால் நெளிவது தெரிந்ததும் கட்டைவிரலால் தலையை அமுக்கி, வாயில் தொங்கும் பறிக்குள் போட்டுவிடுவார்கள். கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், வாய் பறியைக் கடித்திருப்பதால் பேச்சும் இருக்காது. அந்த வேலைக்குச் சேறு வேண்டும். மட்டி மூடிய இடத்தில் இறால் புதைய முடியாது, தடவுகிற கை கிழிந்துபோகும்.

உங்கள் அப்பா காலத்து இறால் எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். கடலில் தாய் இறால் இன்னும் முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. குஞ்சும் முகத்துவாரம் வரை வருகிறது. உள்ளே வந்தால் தங்க இடம் இல்லை. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், முகத்துவாரத்தை மட்டும் தூர் வாரிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. உள்ளே சாம்பலையும் மட்டியையும் எடுக்க வேண்டும். எடுத்ததை ஆற்றங்கரையிலேயே குவித்துவிட்டுப் போகக் கூடாது. மட்டிக் குஞ்சு தண்ணீரில் மிதந்து பரவும் என்பதால் ஒரு இடத்தில் மட்டும் எடுத்தாலும் பத்தாது. எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் வேண்டும் என்று உங்களைக் கேட்டுச் செய்தால் சரியாக இருக்கும். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

தண்டையார்பேட்டை மாணவன், ஒன்பதாம் வகுப்பு: எண்ணூரில் அத்தை வீட்டுக்குப் போனபோது ஆற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்தேன். அதில் கண்ணாடி மாதிரி சின்ன இறால்கள் இருந்தன. வாலில் இரண்டு முத்து மாதிரி தெரிந்தது. ஒன்றுக்கு வயிற்றில் பை இருந்தது. அதைவிடச் சின்னதாகப் புள்ளி புள்ளியாகத் துள்ளியவையும் இருந்தன. தண்ணீர் கம்மியாக இருந்ததால் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். காலையில் எல்லாம் செத்துவிட்டன. அவை என்ன?

தம்பி, இந்த மாதம் வந்த கடிதங்களில் உன்னுடையதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முப்பது வருஷம் விலங்கியல் எடுத்தேன், வாலில் முத்து இருக்கிறது என்று தானாகவே பார்த்துச் சொன்ன பிள்ளைகள் சிலர்தான்.

நீ பார்த்தது மைசிட். பார்க்க இறால், ஆனால் இறால் இல்லை, சென்னாக்குன்னியும் இல்லை. மூன்றாவது கட்சி. ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே அதற்கு நல்ல வளர்த்தி. வாலின் இரண்டு உள்துடுப்பிலும் ஒவ்வொன்று வீதம் அந்த முத்து இருக்கும். அது எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று உடம்புக்குச் சொல்கிற உறுப்பு. உள்ளே ஒரு சின்னக் கல், சுற்றிலும் மெல்லிய மயிர். உடம்பு சாய்ந்தால் கல் எந்த மயிரை அழுத்துகிறதோ அதை வைத்துச் சாய்வு தெரியும். கொத்தனார் சுவர் மேல் வைக்கிற ரசமட்டம் மாதிரி. பெரும்பாலான கடல் மைசிட்டில் அந்தக் கல் கால்சியம் ஃபுளோரைடு. அந்தப் பெயரை வேதியியல் வகுப்பில் படிக்கும்போது இதை நினைத்துக்கொள். நமக்கும் காதுக்குள் இதே ஏற்பாடு உண்டு. அதற்கு மட்டும் அது வாலில்.

பை இருந்தது பெண். நெஞ்சுப் பகுதிக் கால்களின் அடியிலிருந்து வளரும் தட்டுகள் ஒன்றோடொன்று கூடிப் பையாகின்றன. முட்டை அதற்குள்ளேயே பொரிந்து, குஞ்சு அதற்குள்ளேயே வளர்ந்து, அம்மாவைப் போலவே உருவம் வந்த பிறகுதான் வெளியே வரும். கடல் இறால் லட்சக் கணக்கில் இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காது. இது கொஞ்சமாகப் பெற்றுக் கடைசி வரை சுமக்கும். துள்ளிய புள்ளிகள் கோப்பிபாட்கள். அவற்றையும் லென்ஸில் பார்த்தாயானால் சிலவற்றின் வால் பக்கம் முட்டைப் பை தொங்கும். ஆற்றில் மீன் குஞ்சு முதல் முதலில் தின்பது பெரும்பாலும் இதைத்தான்.

செத்ததற்குக் காரணம் நீ ஊற்றிய குழாய்த் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன். அதில் குளோரின் இருக்கும், அது ஒன்று. இன்னொன்று உப்பு. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. முகத்துவாரத்தில் ஏத்தத்தில் அதற்குப் பக்கத்தில் இருக்கும், மழை வெள்ளத்தில் ரொம்பக் குறைந்துவிடும். அங்கே வாழ்கிற உயிர்கள் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. வெளியே உப்புக் குறைந்தால் செவுள் வழியாக உப்பை உள்ளே இழுத்தும், அதிகமாகப் புகுந்த தண்ணீரை வெளியேற்றியும் சமாளிக்கும். ஆனால் அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஒரே நொடியில் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீரை ஊற்றினால் சமாளிக்காது. மூடின பாட்டிலில் காற்றும் இருந்திருக்காது. அடுத்த தடவை அகலமான பாத்திரம் எடுத்துக்கொண்டு போ, ஆற்றுத் தண்ணீரே கூடுதலாகப் பிடி, நிழலில் வை, மூடாதே. பார்த்து முடித்ததும் அதே இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடு. எண்ணூர் ஆற்றில் கை வைத்தால் வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவு. அத்தையையும் கூட்டிக்கொண்டு போ, சேறு சில இடத்தில் ஆளை இழுக்கும்.

ராயபுரம் வாசகி: என் கணவருக்கு இறால் சாப்பிட்டால் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிக்கும். சென்னாக்குன்னி வேறு இனம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அது ஒத்துக்கொள்ளுமா? காய்ந்தது, அதுவும் நன்றாக வறுத்தது.

வேண்டாம். வேண்டவே வேண்டாம். பரிசோதனைக்காக ஒரு சிட்டிகை கூடக் கொடுக்காதீர்கள்.

இனம் வேறு என்று நான் சொன்னது உண்மை. ஆனால் உதட்டை வீங்க வைப்பது இனப்பெயர் இல்லை, ட்ரோப்போமையோசின் என்ற தசைப் புரதம். இறால், நண்டு, சிங்கி இறால், சென்னாக்குன்னி எல்லாவற்றிலும் அது ஏறக்குறைய ஒரே வடிவத்தில் இருக்கிறது. கரப்பான்பூச்சியிலும் வீட்டுத் தூசி உண்ணியிலும் கூட அதன் சாயல் உண்டு. அந்தப் புரதம் சூட்டுக்கு அசையாது. வெயிலில் காயவைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும், பொடி பண்ணினாலும் வேலையைக் காட்டும். பொடியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வறுக்கும்போது பறக்கிற தூள் மூச்சில் போனாலே சிலருக்கு ஆகாது. உதடு வீங்குகிறவருக்கு அடுத்த தடவை தொண்டை அடைக்கலாம். அலர்ஜி மருத்துவரைப் பார்த்து, அவசரத்துக்கு என்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆசையாக இருந்தால் தனிச் சட்டி, தனிக் கரண்டி, அவர் வீட்டில் இல்லாத நேரம்.

மணலி வாசகர்: ஐஸ் பெட்டியில் வைத்திருந்த பச்சை இறாலை இரவு கரண்ட் போனபோது திறந்தேன். நீலப் பச்சையாக மினுங்கியது. குடும்பமே பயந்துவிட்டது. ரசாயனம் ஏதாவது போட்டிருப்பார்களா?

பேயும் இல்லை, ரசாயனமும் இல்லை. கடலில் ஒளி விடுகிற பாக்டீரியா உண்டு. உப்பும் குளிரும் அவற்றுக்குப் பிடிக்கும் என்பதால் ஐஸிலும் மெதுவாகப் பெருகும். எண்ணிக்கை கூடினால் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியும். லைட் எரிகிற சமையலறையில் யாருக்கும் தெரியாது, அதனால்தான் இது அபூர்வம் என்று நினைக்கிறோம். அந்த வெளிச்சம் விஷம் இல்லை. ஆனால் அது மினுங்குகிற அளவுக்கு நாள் ஆகியிருந்தால் மற்ற பாக்டீரியாவும் சும்மா இருந்திருக்காது. நானாக இருந்தால் பிள்ளைகளை நல்லா பார்க்கச் சொல்லிவிட்டுக் குப்பையில் போட்டிருப்பேன்.

வியாசர்பாடி வாசகி: வெந்ததும் இறாலும் நண்டும் ஏன் சிவப்பாகின்றன?

சிவப்பு முதலிலிருந்தே ஓட்டில் இருக்கிறது. அஸ்டாக்சாந்தின் என்று பெயர், பாசி வழியாகத் தீனியில் வருவது. உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடித்து நிறத்தை நீலமாகவும் பழுப்பாகவும் மாற்றிவைத்திருக்கும். சூட்டில் புரதம் குலைந்தால் சிவப்பு விடுதலையாகும். சென்னாக்குன்னி வெயிலிலேயே இளஞ்சிவப்பாவதும் ஏறக்குறைய இதனால்தான்.

எர்ணாவூர் வாசகி: சென்னாக்குன்னி செய்தால் ஒவ்வொரு வாயிலும் மணல் நறநறக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை. ஊறவைத்துப் பார்த்தேன், ருசியே போய்விட்டது.

ஊறவைத்ததுதான் தப்பு. காயவைத்த சென்னாக்குன்னியின் ருசி தண்ணீரில் இறங்கிவிடும், மணல் மட்டும் விசுவாசமாக உங்களோடு இருக்கும்.

என் அம்மா காலடிப்பேட்டையில் கருவாடு விற்றவர். அவர் செய்தது இப்படி. கழுவுவதற்கு முன்னால் வெறும் சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். கையால் அள்ளினால் சலசலவென்று சத்தம் வரும் வரை. பச்சை வாடை போய் வறுத்த வாசனை வரும்போது இறக்கி, ஆறியதும் முறத்தில் கொட்டி உள்ளங்கையால் லேசாகத் தேய்த்தால் மீசையும் காலும் உதிரும். புடைத்தால் அவை பறந்துவிடும், மணலில் பாதி முறத்தின் விளிம்பில் தங்கும். முறம் இல்லாத வீட்டில் கண் பெரிதான சல்லடை போதும். அதற்கப்புறம் அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர், அதில் போட்டு ஒரு கலக்கு, உடனே மேலாக விரலால் அள்ளி எடுத்துவிட வேண்டும். சென்னாக்குன்னி மிதக்கும், மணல் அடியில் போகும். பாத்திரத்தைச் சாய்த்து வடிகட்டினீர்கள் என்றால் மணலும் கூடவே வரும், பெரும்பாலானவர்கள் செய்வது அதுதான். அடியில் மணல் தெரியாத வரை தண்ணீர் மாற்றி இதையே செய்யுங்கள், ஆனால் மொத்த வேலையும் ஒரு நிமிஷத்துக்குள் முடிய வேண்டும்.

வாங்கும்போதே கொஞ்சம் கவனித்தால் இவ்வளவு பாடு இல்லை. மணல் தரையில் உலர்த்தியதை விட வலை மேலோ தார்ப்பாய் மேலோ உலர்த்தியது சுத்தம். ஒரு பிடி எடுத்துப் பேப்பரில் தட்டிப் பாருங்கள், விழுகிற மணலே சொல்லிவிடும். கையில் பிசுபிசுத்தாலோ மூக்கைச் சுண்டும் அமோனியா நெடி அடித்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பளீரென்று சிவப்பாக இருந்து, ஈர விரலில் சாயம் ஒட்டினால் அதுவும் வேண்டாம்.

குழம்பில் போடுவதென்றால் கத்திரிக்காய் முக்கால் பதம் வெந்த பிறகு போடுங்கள், முதலிலேயே போட்டால் கரைந்து நார் ஆகிவிடும். முருங்கைக்கீரைக்கு என்றால் கீரையை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், அதில் ஏற்கெனவே இருக்கிறது.